முதலில் கேட்க எந்த வயலின் கான்செர்ட்டோ?

மேற்கத்திய செவ்வியல் இசைக்குள் வயலின் வழியாக நுழையலாம் என்று நினைப்பவர், விவரம் தெரிந்த யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோ. இருப்பதிலேயே பெரியது அதுதானே, அதிலேயே ஆரம்பி என்பார்கள். பெரியது என்பதில் எனக்கும் சண்டை இல்லை. முதல் தடவை கேட்பவரிடம் அதைக் கொடுக்கலாமா என்பதில்தான் சண்டை. வயலின் கேட்கலாம் என்று ஆசையாக உட்கார்ந்தவருக்கு முதல் மூன்று நிமிடம் தனி வயலின் வரவே வராது. ஆர்கெஸ்ட்ரா மட்டும் பேசிக்கொண்டிருக்கும். அதற்குள் பாதிப் பேர் போனைக் கையில் எடுத்திருப்பார்கள்.

அதனால் நான் வேறு அளவுகோலை வைத்துக்கொள்கிறேன். தனி வயலின் எவ்வளவு நேரம் நம்மைக் காக்க வைக்கிறது? வந்த பிறகு அந்தப் பெரிய கூட்டத்தோடு என்ன உறவு வைத்துக்கொள்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால், எந்தப் படைப்பு யாருக்கு ஒத்துவரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மற்றபடி வயலின் கான்செர்ட்டோ என்றால் அமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வயலின், எதிரே ஐம்பது அறுபது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா, வேகம், நிதானம், மறுபடி வேகம் என்று மூன்று பகுதிகள். மொத்தம் இருபத்தைந்து நிமிடத்திலிருந்து முக்கால் மணி.

போட்டியில் ஆறு பேரை வைக்கிறேன்: பீத்தோவன், மெண்டல்சன், புரூக், பிராம்ஸ், சைக்கோவ்ஸ்கி, சிபேலியஸ். விவால்டி எங்கே என்று கேட்பீர்கள். 1725இல் வெளியான அவருடைய நான்கு பருவங்கள் உண்மையில் நான்கு தனித்தனிக் கான்செர்ட்டோக்கள், ஒவ்வொன்றும் பத்து நிமிட அளவு. விளம்பரங்களிலும் தொலைபேசியில் காத்திருக்கும்போதும் அவற்றைப் பலமுறை கேட்டிருப்பீர்கள், புதிதாக நுழைவதற்கு அங்கே வாசல் இல்லை. மொஸார்ட் 1775இல், பத்தொன்பது வயதில், அடுத்தடுத்து எழுதித் தள்ளியவை அழகானவை. ஆனால் நான் இங்கே தேடுவது ஒற்றை வயலின் ஒரு பெருங்கூட்டத்தை எதிர்கொண்டு நிற்கும் அந்த அனுபவத்தை. அது பீத்தோவனிடம்தான் ஆரம்பிக்கிறது.

சரி, பீத்தோவனையே முதலில் பார்த்துவிடலாம். 1806 டிசம்பர் 23 அன்று வியன்னாவில் முதல்முதலாக வாசிக்கப்பட்டது. வாசித்தவர் ஃபிரான்ஸ் கிளெமென்ட். பீத்தோவன் கடைசி நிமிடத்தில்தான் எழுதி முடித்தார், கிளெமென்ட் ஏறக்குறைய ஒத்திகையே இல்லாமல் வாசித்தார் என்பது பழைய கதை. அதே கச்சேரியில் அவர் வயலினைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தன் சொந்தச் சரக்கு ஒன்றையும் வாசித்துக் காட்டினாராம். அன்றைய ரசிகர்கள் எதை எதிர்பார்த்து வந்தார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. பீத்தோவன் கொடுத்ததோ வித்தை காட்டும் வயலின் இல்லை. டிம்பனி என்ற முரசு மெதுவாக நான்கு தட்டுத் தட்டும், ஐந்தாவது தட்டில் காற்று வாத்தியங்கள் சேர்ந்துகொள்ளும். அந்தத் தட்டுதான் முதல் பகுதி முழுவதும் வெவ்வேறு வேஷத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. தனி வயலின் நுழைவது 89ஆவது அளவில், அதாவது தாளத்தின் 89ஆவது சுற்றில். நுழைந்த பிறகும் புது ராகமாலிகை எதையும் அவிழ்த்துவிடாது, ஏற்கனவே சொல்லப்பட்ட மெட்டுகளைச் சுற்றி இழை இழையாகக் கோலம் போடும். முதல் பகுதி மட்டுமே இருபத்து நான்கு நிமிடம்.

இதை ரசிக்க, முதல் மூன்று நிமிடத்தில் வந்த மெட்டுகள் நினைவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயலின் எதைச் சுற்றிக் கோலம் போடுகிறது என்றே பிடிபடாது. வெறும் ஏற்ற இறக்கமாக, பயிற்சிப் பாடம் போலக் கேட்கும். வியன்னா ரசிகர்களுக்கே அப்படித்தான் கேட்டிருக்கும் போல. அதன்பின் பல ஆண்டுகள் இதை அதிகம் பேர் தொடவில்லை. 1844இல் லண்டனில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வாசித்த பிறகுதான் இதற்கு மறுவாழ்வு வந்தது. பையன் பெயர் யோசஃப் யோவாக்கிம். அன்று ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் மெண்டல்சன்.

இந்த யோவாக்கிமைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறில் நான்கு படைப்புகள் அவர் கையைத் தொட்டு வந்தவை. பீத்தோவனுடையதை மீட்டவர். மெண்டல்சனின் செல்லப்பிள்ளை. புரூக்குக்குத் திருத்தம் சொன்னவர். பிராம்ஸின் நண்பர், அவருடைய கான்செர்ட்டோவை முதலில் வாசித்தவர். 1906இல், எழுபத்தைந்தாவது பிறந்தநாளின்போது, அவரே இந்த நான்கையும் ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார். பீத்தோவனுடையது ஆகப் பெரியது, பிராம்ஸுடையது கனத்தில் அதற்கு இணையாக நிற்கப் பார்க்கிறது, புரூக்குடையது செழிப்பும் மயக்கும் நிறைந்தது, ஆனால் நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ளும் மாணிக்கம் மெண்டல்சனுடையது என்பது அவர் கருத்து. நான்கையும் வாசித்து வளர்ந்தவர் சொன்னது. நான் போகும் இடமும் கிட்டத்தட்ட அதுதான், காரணம்தான் வேறு.

மெண்டல்சனுக்கு வருவோம். 1838இல் தன் நண்பர் ஃபெர்டினாண்ட் டேவிட்டுக்குக் கடிதம் எழுதுகிறார்: இ மைனரில் (இ என்ற ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட ஸ்வர வரிசை) ஒரு கான்செர்ட்டோ தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் தொடக்கம் நிம்மதியாக இருக்க விடமாட்டேன் என்கிறது என்று. அடுத்த குளிர்காலத்துக்குள் தருவதாகச் சொன்னவர் 1844இல்தான் முடித்தார். 1845 மார்ச் 13இல் லைப்சிக் நகரில் டேவிட் வாசித்தார். மெண்டல்சனுக்கு உடல்நிலை சரியில்லாததால் நீல்ஸ் காட என்பவர் ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். ஆறு வருடம் தூங்கவிடாத அந்தத் தொடக்கம் இரண்டாவது அளவிலேயே வருகிறது. ஆர்கெஸ்ட்ரா ஒரு சின்ன சலசலப்பை எழுப்பியவுடன் வயலின் மேல் தந்தியில் பாட ஆரம்பித்துவிடும். முன்னுரை கிடையாது, காத்திருப்பும் கிடையாது. இப்போது இது இயல்பாகத் தெரிகிறது. அன்றைக்கு இது பெரிய மீறல்.

இதைவிட எனக்குப் பிடித்தது, வயலின் விட்டுக்கொடுக்கும் இடங்கள். முதல் பகுதியின் இரண்டாவது மெட்டைக் கிளாரினெட்டும் புல்லாங்குழலும் பாடுகின்றன. அப்போது கதாநாயகன் என்ன செய்கிறான்? தன் கீழ்த்தந்தியைத் திறந்து ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கிறான். நமக்குப் பழக்கமான சுருதிப் பெட்டியின் வேலை அது. பிறகு காடென்சா வருகிறது. ஆர்கெஸ்ட்ரா முழுக்க ஓய்ந்து வயலின் மட்டும் வாசிக்கும் கட்டம் அது. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வருவதைப் போல அதுவரை அது பகுதியின் கடைசியில்தான் வரும், பெரும்பாலும் கலைஞரின் கற்பனைக்கே விடப்படும். மெண்டல்சன் அதை ஸ்வரம் ஸ்வரமாக எழுதியும் வைத்தார், பகுதியின் நடுவுக்கும் நகர்த்தினார். காடென்சாவின் முடிவில் வில் நான்கு தந்திகளிலும் துள்ளிக்கொண்டிருக்கும்போதே அடியில் ஆர்கெஸ்ட்ரா முதல் மெட்டோடு திரும்பி வருகிறது. வயலின் நிற்காமல் பக்கவாத்தியமாக மாறிவிடுகிறது. யார் முன்னால், யார் பின்னால் என்பது ஒரு நொடியில் மாறும் அந்த இடத்தை முதல் தடவை கேட்பவரே பிடித்துவிடலாம், எந்த இலக்கணமும் தெரிய வேண்டியதில்லை.

முதல் பகுதி முடிந்ததும் பஸ்ஸூன் என்ற கீழ்ஸ்தாயிக் குழல் ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதிலிருந்தே இரண்டாம் பகுதி கிளம்பும், கைதட்ட இடமில்லை. இருபத்தேழு நிமிடம் போல ஒரே மூச்சில் ஓடிவிடுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: செயலிகளில் மூன்று பகுதிகளும் மூன்று டிராக்காகத்தான் இருக்கும். இலவசக் கணக்கில் கேட்டால் சரியாக அந்த பஸ்ஸூன் ஸ்வரத்தின் தலையில் சோப்பு விளம்பரம் வந்து விழும் வாய்ப்பு இருக்கிறது. இடைவெளி இல்லாமல் ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள், கலைத்துப் போடும் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

புரூக்கின் ஜி மைனர் கான்செர்ட்டோ இதற்கு நெருங்கிய உறவு. டிம்பனி மெதுவாக உருண்டு, காற்று வாத்தியங்கள் ஒரு வரி சொன்னதும் வயலின் தனியே எழுந்து பேசத் தொடங்கும். காத்திருப்பு சில நொடிகள்தான். இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தும் விடுகிறது. நடுவில் வரும் நிதானமான பகுதிக்காகவே இதை வைத்துக்கொண்டாடுபவர்கள் உண்டு. நம் ஊர் சினிமாவின் வயலின் கூட்டத்தில் வளர்ந்த காதுக்கு அந்த அடாஜியோ உடனே ஒட்டிக்கொள்ளும். 1866இல் முதல் வடிவம் அரங்கேறியது, புரூக்குக்கே திருப்தி இல்லை. யோவாக்கிமின் யோசனைகளோடு திருத்தி, 1868இல் யோவாக்கிமே வாசித்த பிறகு நிலைத்தது. நிலைத்து என்ன? ஒரே தொகைக்குப் பதிப்பாளரிடம் விற்றுவிட்டிருந்தார். உலகம் முழுக்க இதை வாசித்தார்கள், அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. முதல் உலகப்போருக்குப் பிந்திய வறுமையில், 1920இல், கையெழுத்துப் பிரதியை விற்றுத் தரச் சொல்லி அமெரிக்காவின் சூட்ரோ சகோதரிகளிடம் கொடுத்தார். உருப்படியான பணம் எதுவும் வராமலே அந்த வருடம் இறந்துபோனார். பிரதி இப்போது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. அவர் இன்னும் இரண்டு வயலின் கான்செர்ட்டோக்கள் எழுதியிருக்கிறார், எல்லோரும் முதலாவதையே வாசிக்கிறார்கள் என்று கடைசிவரை எரிச்சல்பட்டார். நியாயமான எரிச்சல்தான், ஆனால் மற்ற இரண்டையும் கேட்டால் உலகத்தின் மேல் பெரிய தப்பு சொல்ல முடியவில்லை.

புரூக்கை ஏன் முதலிடத்தில் வைக்கவில்லை? மூன்றாம் பகுதி. கொண்டாட்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அடாஜியோவைக் கேட்ட பிறகு அது கொஞ்சம் சத்தம் அதிகமான விருந்தாகத் தெரிகிறது. மெண்டல்சனின் கடைசிப் பகுதியோ பறந்துகொண்டே முடிகிறது.

பிராம்ஸும் சைக்கோவ்ஸ்கியும் ஒரே நாளில், மே 7இல், ஏழு வருட இடைவெளியில் பிறந்தவர்கள். இருவரும் ஒரே வருடத்தில், 1878இல், ஆளுக்கொரு ஏரிக்கரையில் இருந்துகொண்டு, டி மேஜரிலேயே கான்செர்ட்டோ எழுதினார்கள். பிராம்ஸ் ஆஸ்திரியாவின் வோர்ட்டர் ஏரிக்கரையில், சைக்கோவ்ஸ்கி சுவிட்சர்லாந்தின் ஜெனிவா ஏரிக்கரையில். டி மேஜர் தற்செயல் இல்லை. பீத்தோவனுடையதும் அதே டி மேஜர்தான். மேற்கத்திய வயலினின் தந்திகள் ஜி, டி, ஏ, இ என்று கூட்டப்பட்டவை. டி மேஜரில் வாசிக்கும்போது நடுவில் இருக்கும் டி, ஏ தந்திகள் விரல் படாமலே சேர்ந்து அதிர்ந்து ஒலியைப் பெருக்கும். ஐம்பது பேருக்கு எதிரே ஒற்றை வாத்தியம் காதில் விழ வேண்டுமல்லவா? ஒற்றுமை இத்தோடு சரி. கேட்க இரண்டும் வேறு வேறு கிரகம்.

பிராம்ஸுடையது பீத்தோவனின் வழி. வயலின் 90ஆவது அளவில்தான் வரும், ஆனால் வரும்போது கதவை உடைத்துக்கொண்டு வரும். இரண்டாம் பகுதியின் முழு மெட்டையும் முதலில் ஓபோ என்ற காற்று வாத்தியத்திடம் கொடுத்துவிட்டு வயலினைச் சும்மா நிற்க வைத்திருக்கிறார். புகழ்பெற்ற ஸ்பானிய வயலின் கலைஞர் சரசாத்தே இதை வாசிக்கவே மறுத்துவிட்டார். அந்தப் பகுதியில் இருக்கிற ஒரே மெட்டை ஓபோ வாசிக்க, நான் வயலினைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் வேடிக்கை பார்ப்பதா என்பது அவருடைய கோபம். நானும் முதலில் சரசாத்தே கட்சிதான். இப்போது அந்த ஓபோ முடிந்து வயலின் அதே மெட்டைக் கலைத்து, கிளை விட்டுப் படரும் இடத்துக்காகத்தான் பிராம்ஸையே எடுக்கிறேன். நாற்பது நிமிடம், சிம்பனிக்கு இருக்கும் கனம். புதியவருக்கு வேண்டாம். கடைசிப் பகுதி மட்டும் விலக்கு. யோவாக்கிம் பிறந்த ஹங்கேரி மண்ணுக்கு வணக்கம் சொல்லும் அந்த நாடோடித் துள்ளல் யாரையும் காலாட்ட வைக்கும்.

சைக்கோவ்ஸ்கிதான் உண்மையில் பலருக்குத் தெரிந்த முதல் பெயர். திருமணம் சில வாரங்களில் முறிந்து, மனம் உடைந்து சுவிட்சர்லாந்துக்குப் போனவர், தன் மாணவரான வயலின் கலைஞர் கோட்டெக் கூட இருந்த உற்சாகத்தில் ஒரு மாதத்துக்குள் எழுதி முடித்தார். நடுப்பகுதி பிடிக்காமல் அதைத் தூக்கிவிட்டு வேறொன்று எழுதியதும் அந்த மாதத்துக்குள்தான். யாருக்காக எழுதினாரோ அந்த வயலின் கலைஞர் அவுவர் வாசிக்க மறுத்துவிட்டார். கடைசியில் 1881இல் வியன்னாவில் பிராட்ஸ்கி வாசித்தார். விமர்சகர் ஹான்ஸ்லிக், நாற்றத்தைக் காதால் கேட்க முடியும் என்ற சந்தேகத்தை இந்த இசை கிளப்புகிறது என்கிற ரீதியில் எழுதினார். வயலின் வாசிக்கப்படவில்லை, அடிபட்டுக் கன்றிப்போகிறது என்பதும் அவர் புகார். வேடிக்கை என்னவென்றால், மறுத்த அவுவரின் மாணவர்கள்தான் பிறகு இதை உலகமெங்கும் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர் ஹைஃபெட்ஸ்.

காத்திருப்பு இங்கே ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மெட்டு, பரபரப்பு, வித்தை எல்லாம் நிறைய. அப்படியானால் ஏன் தயங்குகிறேன்? கூட்டத்தோடு உறவு என்ற இரண்டாவது கேள்வியில் இது எனக்குக் குறைவாகத் தருகிறது. வயலின் பேசும், ஆர்கெஸ்ட்ரா கைதட்டும். இரண்டும் சேர்ந்து ஒன்றை யோசிக்கும் இடங்கள் நடுப்பகுதியைத் தாண்டினால் அதிகம் இல்லை. பரபரப்பான முடிவு வேண்டும், யாராவது வயலினில் தீப்பொறி பறக்க விடுவதைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் தாராளமாக இதிலேயே தொடங்கலாம். கச்சேரியின் வீடியோவாகப் பார்ப்பதானால் ஆறில் இதற்குத்தான் முதல் மதிப்பெண் கொடுப்பேன்.

சிபேலியஸை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு மேற்கத்திய இசையில் முதல் தொல்லை, ஆதார சுருதி ஓரிடத்தில் நிற்காது என்பது. மேஜர் என்றால் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தானே என்று பிடித்துக்கொண்டு போனால் இரண்டாவது நிமிடத்தில் ஸட்ஜமே இடம் மாறியிருக்கும். ராகம் தேடினால் தலைவலிதான் மிச்சம். சிபேலியஸின் தொடக்கம் அந்தத் தொல்லையைத் தள்ளிப் போடுகிறது. ஒலி அடக்கிய வயலின்கள் டி மைனரின் ஸ்வரங்களைக் கேட்டும் கேட்காமலும் அசைத்துக்கொண்டிருக்கும். நான்காவது அளவில் தனி வயலின் அதன் மேல் நுழைகிறது. அந்தக் கூட்டுக்குள் சேராத ஒரு ஸ்வரத்தில் தொடங்கி, மெதுவாக உள்ளே சாய்கிறது. அடியில் இருக்கும் ஒலி நகராமல் நிற்க, மேலே ஒற்றைக் குரல் தன் வழியைத் தேடிப் போகும். ஆலாபனை கேட்ட காதுக்கு இங்கே யாரும் எதையும் விளக்க வேண்டாம்.

சிபேலியஸே வயலின் கலைஞராக ஆசைப்பட்டவர். பதினான்கு வயதில்தான் முறையாகக் கற்க ஆரம்பித்தார், தாமதம். வியன்னா பில்ஹார்மோனிக்கில் சேரப் பரீட்சை வாசித்தும் பார்த்தார், நடக்கவில்லை. அவர் எழுதிய ஒரே கான்செர்ட்டோ இது. 1904இல் ஹெல்சிங்கியில் அரங்கேற்றம் சொதப்பியது. வாசிக்க வேண்டிய புர்மெஸ்டரைக் காத்திருக்கச் சொல்லாமல், பண நெருக்கடியில் அவசரப்பட்டு, அவ்வளவு திறமை இல்லாத ஒருவரிடம் கொடுத்ததன் பலன். பிறகு வெட்டிச் சுருக்கி எழுதிய வடிவம் 1905இல் பெர்லினில், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, ஹாலிர் வாசித்து வெளிவந்தது. கோபத்தில் புர்மெஸ்டர் கடைசிவரை இதைத் தொடவே இல்லை. 1935இல் ஹைஃபெட்ஸ் லண்டனில் பதிவு செய்த பிறகுதான் பலருக்கும் இதன் அருமை தெரிந்தது.

குறையும் உண்டு. முதல் பகுதியின் நடுவில் ஆர்கெஸ்ட்ரா இருண்டு கனக்கும் இடங்களில் புதியவர் வழி தவறலாம். தொடக்கம் அவ்வளவு மெல்லியது என்பதால் பேருந்திலோ சமையலறையிலோ கேட்டால் முதல் அரை நிமிடம் ஒன்றுமே கேட்காது. ஒலியைக் கூட்டி வைத்தால் பிறகு ஆர்கெஸ்ட்ரா எழும்போது தூக்கிப் போடும். இரவில், ஹெட்போனில்தான் இதைக் கேட்க வேண்டும்.

ஆக என் பக்கம் இதுதான்: இசைப் பழக்கம் எதுவாக இருந்தாலும், ஒன்றே ஒன்று என்றால் மெண்டல்சன். கச்சேரி கேட்டு வளர்ந்தவர் என்றால் மட்டும் சிபேலியஸ் முதலில், மெண்டல்சன் அடுத்து. புரூக் அதே வாரத்தில் வரலாம். சைக்கோவ்ஸ்கி எப்போது வேண்டுமானாலும். பிராம்ஸுக்குச் சில மாதம் போகட்டும். பீத்தோவன் கடைசி. அவரிடம் போகும்போது மற்ற ஐந்தும் காதில் இருக்கும், அந்த நான்கு முரசுத் தட்டு எதையெல்லாம் திறந்துவிட்டது என்று அப்போது தெரியும்.

எந்தப் பதிவு என்பது அடுத்த குழப்பம். அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம், தொடக்கத்துக்கு நல்ல பதிவுகள் ஏராளம். மெண்டல்சனுக்கு வயலின் வாசித்த மெனுஹினும் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய ஃபுர்ட்வெங்லரும் சேர்ந்து 1952இல் செய்தது இன்னும் என் மேசையில் இருக்கிறது, ஒலித்தரம் பழசு என்றாலும். சிபேலியஸுக்கும் சைக்கோவ்ஸ்கிக்கும் கொரியாவின் கியுங்-வா சுங் 1970இல் பிரெவினோடு செய்தவை. பீத்தோவனை ஹைஃபெட்ஸ் வாசித்தால் நாற்பது நிமிடத்துக்குள் முடித்துவிடுவார், பொறுமை குறைந்தவர்களுக்கு அது வசதி. அதே பீத்தோவனைக் கரயானோடு பதினாறு வயது முட்டர் வாசித்த பதிவு அவசரமே படாது. சிபேலியஸ் பிடித்துப்போனால் கவாகோஸ் வாசித்த பதிவையும் தேடுங்கள். 1904இல் சொதப்பிய முதல் வடிவமும் திருத்திய வடிவமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. சிபேலியஸ் வெட்டி எறிந்ததில் இன்னொரு முழுக் காடென்சாவும் அடக்கம்.